எழுத்துக்கு முந்திய பாடம்: பாலர்களின் கைவேலையும் ஆட்டமும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது யாவரும் அறிந்த பழமொழி. ஆயினும் இதனை எடுத்துச் சொல்வோரில் பலர் வளைக்கும் முறையை மட்டும் அறியாதிருக்கின்றனர். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பலப்பத்தைக் கொடுத்து, அதன் மணிக்கட்டை அழுந்தப் பிடித்து, ‘அ’ எழுது என்று அதட்டுவதையே வளைப்பதென்று கொள்கின்றனர். இளங்கொம்பை வளைப்பதற்கும் ஒடிப்பதற்கும் உள்ள வேற்றுமை குடியானவருக்குப் புதிதன்று. தம் தோட்டத்தில் காட்டும் அந்தப் பொறுமையைத் தம் வீட்டுத் திண்ணையிலும் காட்டவேண்டுமென்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மண் பிசைவதும், கோடு கீறுவதும், குதிப்பதும், கைகொட்டிப் பாடுவதும் வீண்பொழுது என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. இவை எழுத்துக்கும் எண்ணுக்கும் முந்திய பாடங்கள். இவற்றைப் படியாதே பள்ளிக்குச் செல்லும் குழந்தை, அடியில்லாத சுவர்போல நிற்கிறது. இது எவ்வாறென்பதை முறையே காண்போம்.

1. ஓர் உரையாடல்

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, திருவண்ணாமலை ஜில்லா வந்தவாசி தாலூகாவைச் சேர்ந்தது சீயமங்கலம். ஏரிப் பாசனமும் மானாவாரி மணிலாவும் கொண்ட இப்பக்கத்துக் கிராமங்களில், அங்கன்வாடியின் வாசலில் நிகழக்கூடிய உரையாடல் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம்.

தந்தை: டீச்சரம்மா, பையன் ஆறு மாதமாக இங்கே வருகிறான். மண்ணைப் பிசைகிறான், குதிக்கிறான், பாட்டுப் பாடுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி டவுனுக்குப் போய் ஏ, பி, சி, டி எழுதுகிறது. இவனுக்கு எழுத்து எப்போது வரும்? மணிலா விற்ற பணத்தில் இவனையும் அங்கே சேர்த்துவிடலாமென்று இருக்கிறேன்.

பணியாளர்: சேர்ப்பது உங்கள் விருப்பம், அண்ணா. அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இதோ நாலு மணிலாக்காய். இவற்றைப் பையனை உரிக்கச் சொல்லுங்கள்.

மூன்று வயது நிரம்பிய அச்சிறுவன் காயை உள்ளங்கையில் வைத்துப் பொத்தினான், அது உடையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான், வழுக்கி விழுந்தது. கடைசியில் பல்லுக்குக் கொண்டுபோனான். பணியாளர் அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

பணியாளர்: விரல் நுனிக்கு இன்னும் பலம் வரவில்லை, அண்ணா. பென்சிலைப் பிடிக்கவேண்டியவையும் இதே விரல்கள்தாம்.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “போன வாரம் சிலேட்டில் எழுதவில்லையென்று இவனை அடித்துவிட்டேன், அம்மா” என்றார்.

இந்த அடி ஒரு வீட்டோடு முடிவதன்று. எழுத மாட்டேனென்பது பிடிவாதம் என்று நினைத்து அடிப்பவர், எழுத முடியவில்லையென்பதைக் காணத் தவறுகிறார். அடிபட்ட குழந்தையோ, எழுத்தென்றாலே அச்சம் என்பதைத்தான் முதற்பாடமாகக் கற்கிறது. அந்த அச்சத்தைப் பின்னர் எந்த உபாத்தியாயராலும் எளிதில் நீக்க இயலாது.

2. உடல் வளரும் ஒழுங்கு

மனிதனுடைய மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது இவை எலும்பாயிருப்பதில்லை. மெத்தென்ற குருத்தாகவே இருக்கின்றன. முதல் வருஷத்தில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வருஷந்தோறும் இறுகிவரும். கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை ஆகும். ஆகவே மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டு, நம் மணிக்கட்டின் சிறிய வடிவம் அன்று. அது இன்னும் கட்டி முடியாத கட்டடம்.

உடலின் வளர்ச்சி மேலிருந்து கீழும், நடுவிலிருந்து ஓரமுமாகச் செல்லும். முதலில் கழுத்து நிற்கும், பின்பு முதுகு, பின்பு தோள், அதன்பின் முழங்கை, மணிக்கட்டு, இறுதியில் விரல் நுனி. முதுகும் தோளும் உறுதிப்படாத பிள்ளை பலகையில் நேராக உட்கார இயலாமல் சரியும். சரியும் உடலைத் தாங்குவதிலேயே அதன் கவனம் முழுதும் செலவாகிவிட, எழுத்தில் செல்லக் கவனம் மிஞ்சாது. ஆதலால் ஓடியும் ஏறியும் தொங்கியும் விளையாடுவது, எழுதும் கைக்கு அடித்தளம் இடுவதேயாகும்.

சித்திரம் கீறுவதற்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தை கண்டபடி கிறுக்கும். ஏறத்தாழ மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். நான்கு வயதளவில் கூட்டற்குறி போன்ற குறுக்குக் கோடு வரும். நாலரை வயதையொட்டிச் சதுரமும், ஐந்தில் முக்கோணமும் வரும். சில குழந்தைகள் சற்று முந்தலாம், சில பிந்தலாம். வரிசை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. நம் எழுத்துக்களில் ‘ட’, ‘ப’ ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. ‘அ’, ‘ஞ’, ‘ழ’ முதலியன வளைவும் சுழியும் மிக்கவை. குறுக்குக் கோடே வராத குழந்தையிடம் ‘அ’ கேட்பது, தவழும் குழந்தையைக் கிணற்றில் நீர் இறைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மூளையின் பருமன், ஆறு வயதுக்குள் வளர்ந்தவர் மூளையின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆகையால் இவ்வயது வீணே காத்திருக்கும் வயதன்று. இதில் ஏதும் கற்பிக்கவேண்டா என்பது பொருளன்று. இவ்வயதுக்கு உரியதைக் கற்பிக்கவேண்டும் என்பதே பொருள்.

3. முன்னோர் வழக்கமும் பிற நாட்டார் முறையும்

இவை மேனாட்டிலிருந்து புதிதாய் வந்த கருத்துக்களென்று எவரும் எண்ணவேண்டா. பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்திருப்பதைக் கற்றோர் அறிவர். அப்பருவங்களுள் பல, உடலசைவின் பெயரையே கொண்டவை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, தலையசைத்து ஆடுவது செங்கீரை. இது ஐந்தாம் மாதத்துக்கு உரியது. இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி; இது ஒன்பதாம் மாதத்துக்கு உரியது. தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகை. பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை கொட்டுதலும் சிறுதேர் உருட்டுதலும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் கூறப்படுகின்றன. குழந்தை எப்போது எதைச் செய்யும் என்று பார்த்து, அதையே விளையாட்டாக்கி, அவ்விளையாட்டையே பாட்டாக்கியது நம் மரபு.

திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் முதலில் ஓலையில் எழுதவில்லை. மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினர். இதில் ஓர் அரிய சரித்திரம் அடங்கியுள்ளது. 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் நிலையத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். அதைத் தம் நிலையத்தில் கையாண்டு, 1797-இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நாம் கைவிட்ட மணலை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

ஜெர்மனி தேசத்தில் பிராபெல் என்பவர் 1837-இல் பாலர்களுக்காக ஒரு விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘குழந்தைத் தோட்டம்’ எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைச் சூட்டினார். இத்தாலியில் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த பகுதியொன்றில் தமது முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, அதைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகுமாறு அவர் செய்தார். கண்ணும் விரலும் காதும் ஒருங்கே கற்ற குழந்தைகள், ஒருவரும் வற்புறுத்தாமலே எழுதத் தலைப்பட்டனர். 1939-இல் அவ்வம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் குழந்தைகளிடையே பணிபுரிந்தார்.

ஆயினும் மாண்டிசோரி சாதனங்கள் விலையுயர்ந்தவை. ஏழைக் கிராமங்களுக்கு எட்டாதவை. இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் தாராபாய் மோடக் அம்மையார். அவர் 1945-இல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் பாலர் கல்வி நிலையம் ஒன்றை நிறுவி, கல், விதை, இலை, களிமண் ஆகியவற்றையே கல்விக் கருவிகளாக்கினார். குழந்தை பள்ளிக்கு வராவிடில் பள்ளியே குழந்தையின் வீட்டு முற்றத்துக்குச் செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கண்’ என்ற சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்ற பெயர் வந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது இப்பெயர் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இன்று அங்கன்வாடிகள் 54,000 அளவில் உள்ளன. அவற்றின் பாலர் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். ஆகவே, ஆடுகிறான், பாடுகிறான் என்று குறைகூறுவோர், பாடத்திட்டம் நடைபெறுகிறதென்றே சான்று கூறுகின்றனர்.

4. கைவேலைப் பாடங்கள்

(அ) களிமண். ஏரியிலிருந்து எடுத்த களிமண்ணைக் கல், முள், கண்ணாடித்துண்டு இல்லாமல் பொறுக்கி, நீர் தெளித்துப் பிசைந்து வைக்கவேண்டும். மூன்று வயதினர் உருட்டவும் தட்டவும் செய்வர். நான்கு வயதினர் பாம்பு, லட்டு, அடை முதலியன செய்வர். ஐந்து வயதினர் பாம்புபோல நீட்டிய மண்ணை வளைத்து எழுத்தாக்குவர். செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின் முடிவில், படுகளத்தன்று துரியோதனன் உருவத்தை மண்ணால் பெரிதாகத் தரையில் அமைப்பது வழக்கம். அதைக் கண்ட பிள்ளைகள் மறுநாளே தெருவோரத்தில் தாமும் ஒரு மண் மனிதனைக் கிடத்துவார்கள். அவர்களை அதட்டாமல், “இவனுக்குக் கை எத்தனை? விரல் எத்தனை? எது நீளம், எது குட்டை?” என்று கேட்டால், அதுவே கணக்குப் பாடமாகும்.

(ஆ) கோலம். விடியற்காலை வாசல்தோறும் நடைபெறும் இப்பாடத்துக்கு இணையான கல்விக் கருவி வேறு நாடுகளில் அரிது. முதலில் குழந்தை மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, ஒழுகவிடப் பழகட்டும். பென்சிலைப் பிடிப்பவையும் அவ்விரு விரல்களே. பின்னர் புள்ளி வைக்கட்டும்: ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று. இதில் எண்ணிக்கையும் வரிசையும் இடவல ஒப்பும் ஒருங்கே பயிலும். சிக்குக் கோலத்தின் சுழிகளைப் பின்தொடர்ந்த கண், ‘ன’ இரண்டு சுழி, ‘ண’ மூன்று சுழி என்பதை எளிதில் காணும். பெண்பிள்ளைக்கு மட்டும் உரியதென்று கோலத்தை ஒதுக்காமல் ஆண்பிள்ளைகளையும் இதில் பழக்கவேண்டும். கற்பொடி மூச்சில் புகாதபடி, குழந்தைகளுக்கு அரிசிமாவே தருக.

(இ) மணல். ஒரு தாம்பாளத்திலோ முறத்திலோ விரற்கடை உயரம் ஈரமணல் பரப்பினால் போதும். குழந்தை விரலால் கோடு, வட்டம், வளைவு இடும். பிழையானால் கையால் அழிக்கும். காகிதத்தில் பிழை நிலைத்து நின்று வெட்கம் தரும். மணலில் அது நிலைப்பதில்லை. தயங்கும் பிள்ளைக்கு இதைவிட ஏற்ற பலகை இல்லை.

(ஈ) வண்ணமும் கீறலும். அடுப்புக் கரி, செங்கற்பொடி, மஞ்சள், பீட்ரூட் சாறு, அரைத்த கீரை ஆகியவற்றால் வண்ணங்கள் கிடைக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் தோய்த்து அச்சிட்டால் பூ வரும். பழைய செய்தித்தாளைச் சுவரில் குழந்தையின் கண்ணுக்கு எதிரே ஒட்டி, நின்றபடி தீட்டச் செய்தால் தோளும் மணிக்கட்டும் வலுப்படும். குழந்தை தீட்டியதைக் கண்டு, “இது என்ன? மாடு மாதிரி இல்லையே” என்று சிரிக்கலாகாது. “இதைப் பற்றிச் சொல்லு, கண்ணு” என்று கேட்கவேண்டும். தான் தீட்டியதைத் தானே விவரிக்கும் குழந்தை, குறிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை உணர்ந்துவிட்டது. எழுத்தென்பதும் அத்தொடர்பே.

(உ) உரித்தல், கோத்தல், கிழித்தல். மணிலாக்காய் உரித்தல், அவரை ஆய்தல், பூ கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல், தென்னங்கீற்றில் பாம்பும் பனையோலையில் காற்றாடியும் செய்தல் ஆகியன விரல் நுனிக்குரிய தேகப்பயிற்சிகள். தாய் சமையல் செய்யும் நேரத்திலேயே இவற்றுள் பலவற்றைக் குழந்தைக்கு அளிக்கலாம்.

5. ஆட்டப் பாடங்கள்

(அ) சிங்க நடை. சீயம் என்னும் சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். சீயமங்கலத்துப் பிள்ளைகள் சிங்கமாக நடப்பது பொருத்தமே. கையும் காலும் தரையில் ஊன்றி, முழங்கால் படாமல் நடக்கட்டும். பின்பு தவளைபோல் தாவவும், நண்டுபோல் பக்கவாட்டில் நகரவும் செய்யட்டும். உடலின் பாரத்தை உள்ளங்கை தாங்கும்போது தோளும் மணிக்கட்டும் உறுதிபெறும்.

(ஆ) சிலை ஆட்டம். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீயமங்கலத்தில் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் குகைக்கோயிலின் தூண் ஒன்றில், ஒரு காலைத் தூக்கி ஆடும் சிவபெருமானுடைய உருவம் செதுக்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் கல்லில் வடித்த ஆடவல்லான் உருவங்களில் மிகப் பழமையானவற்றுள் இஃது ஒன்று. குழந்தைகளை அங்கு அழைத்துச் சென்று காட்டி, அதேபோல் நிற்கச் சொல்லலாம். மூன்று வயதினர் ஓரிரு விநாடி நிற்பர். ஐந்து வயதினர் பத்து விநாடி அளவு நிற்பர். பிறகு பறையோ தகர டப்பாவோ கொட்டும்போது ஆடவும், நிறுத்தியதும் சிலையாகவும் பழக்குக. ஆட விரும்பும் உடலைத் தானே அடக்கிக்கொள்ளும் இத்திறனே, பின்னர் வகுப்பில் உபாத்தியாயர் சொல்வதைக் கேட்டு இருக்கும் திறனாக வளர்கிறது. பிரம்பினால் வரும் அடக்கம் பிரம்பு நீங்கியதும் நீங்கும். ஆட்டத்தினால் வரும் அடக்கம் குழந்தைக்கே சொந்தமாகும்.

(இ) கைகொட்டும் பாட்டு. குழந்தைகள் சொல்லைப் பிரித்துக் கொட்டட்டும்: ‘அம்-மா’ என்றால் இரண்டு கொட்டு, ‘ப-ற-வை’ என்றால் மூன்று. சொல் ஒலிகளால் ஆனது என்பதைக் காது முதலில் அறியவேண்டும். அதன் பின்னரே, எழுத்து அவ்வொலியின் குறி என்பதைக் கண் அறியும். அகவலோசையும் எதுகையும் நிறைந்த தாலாட்டுக்களையும் விளையாட்டுப் பாட்டுக்களையும் கேட்டு வளர்ந்த குழந்தை, வாசிப்பதில் பாதிவழி வந்துவிட்டதென்றே கூறலாம். கைபேசியில் ஓடும் பாட்டு இதற்கு ஈடாகாது. அது குழந்தையின் கொட்டுக்காக நிற்பதில்லை; குழந்தைக்கு மறுமொழி தருவதுமில்லை.

(ஈ) பாண்டியும் பல்லாங்குழியும். பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக்காலால் தாவும் குழந்தை, ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று உடலாலேயே எண்ணுகிறது. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை இடும்போது, ஒன்றுக்கு ஒன்று என்னும் கணக்கின் மூலத்தைக் கற்கிறது. ஒன்று முதல் நூறு வரை கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தும், ஐந்து கொட்டைகளை எண்ணித் தரத் தெரியாத பிள்ளைகள் உண்டு. முதலாவது நாப்பழக்கம்; இரண்டாவதே கணக்கு.

(உ) கும்மியும் கோலாட்டமும். வட்டமாக நின்று, வலம் திரும்பி, இடம் திரும்பி, குனிந்து, நிமிர்ந்து அடிக்கையில் வலம், இடம், மேல், கீழ், முன், பின் என்ற சொற்கள் உடலில் பதிகின்றன. பக்கத்தின் எப்புறமிருந்து வாசிப்பது, எழுத்தின் கால் எப்புறம் இறங்குவது என்பன இவ்வறிவைப் பொறுத்தவை. இவ்வட்டாரத்துத் தெருக்கூத்தின் அடவுகளைப் பிள்ளைகள் தாமே நடித்துப் பார்ப்பதுண்டு, அதனையும் ஊக்குவிக்கலாம். மேலும், எந்தத் தெருப் பிள்ளையாயினும் ஒரே வட்டத்தில் கைகோத்து ஆடவேண்டும். கைகோக்காமல் கும்மி இல்லை. பெரியவர்கள் கற்க மறந்த பாடமொன்றைக் குழந்தைகள் இதில் கற்கிறார்கள்.

6. ஒரு நாளின் ஒழுங்கு

சிறு குழந்தையின் கவனம் நெடுநேரம் ஓரிடத்தில் நில்லாது. ஆகையால் காலையில் முதலில் இருபது நிமிஷம் வெளியே ஓடியாடும் ஆட்டம், பின்பு கால் மணி நேரம் பாட்டும் கதையும், பின்பு இருபது நிமிஷம் களிமண் அல்லது கோலம், அதன்பின் தம் விருப்பப்படி விளையாட்டு, பின்னர் கைகழுவி உணவு, உறக்கம், மாலையில் கும்மியோ பாண்டியோ என வைத்துக்கொள்ளலாம். ஓடும் காரியத்தையும் அமரும் காரியத்தையும் மாற்றி மாற்றி வைப்பதே இதன் சூத்திரம். ஓடிக் களைத்த உடலே அமைதியாக உட்காரும்.

7. எச்சரிக்கைகள்

(1) குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் குழந்தைகளின் கையில் எக்காரணத்தாலும் கொடுக்கலாகாது. இரண்டும் கொடிய நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

(2) புளியங்கொட்டை, மணி, சிறுகல் முதலியவற்றை மூன்று வயதுக்கு உட்பட்டவர்க்குத் தரவேண்டா. மற்றவர்க்கும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தே தரவேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை மணிலாப் பருப்பை முழுதாக வாயிலிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. உரிப்பது குழந்தையின் வேலை. அதை நசுக்கிக் கொடுப்பது பெரியவர் வேலை.

(3) மண் வேலைக்குப் பின் சோப்பினால் கைகழுவாமல் உணவருந்த விடலாகாது. வெளியில் விளையாடச் செருப்பு அவசியம். கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே உடலில் புகுகிறது.

(4) இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்ற வற்புறுத்தலாகாது. அது குற்றமுமன்று, குறையுமன்று.

(5) பின்னால் கொட்டும் ஓசைக்குத் திரும்பாத குழந்தை, படத்தைக் கண்ணருகே கொண்டுபோகும் குழந்தை, நான்கு வயதாகியும் தாவ முயலாத குழந்தை ஆகியோரை மந்தமென்று ஒதுக்காமல், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். காதுக்குறையையும் கண்குறையையும் சிலேட்டு காட்டிக்கொடுப்பதற்கு முன்பே, ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடும். முன்னரே அறிந்தால் பெரும்பாலும் உதவி உண்டு.

8. ஊராரின் கடமை

அங்கன்வாடி என்றால் சோறுபோடும் இடம் என்ற எண்ணம் கிராமங்களில் வேரூன்றியுள்ளது. சத்துணவின் அருமையைக் குறைத்துக் கூறலாகாது. 1982 ஜூலை முதல் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எத்தனையோ குழந்தைகளின் பசியைத் தீர்த்துள்ளது. ஆனால் வயிற்றுக்கு இட்டது போதும் என்று நின்றுவிடாமல், கைக்கும் காலுக்கும் காதுக்கும் இடவேண்டியதையும் ஊரார் கேட்டுப் பெறவேண்டும்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒரு வண்டி ஆற்றுமணல், ஒரு கூடை களிமண், நிழலுக்கு ஒரு வேம்பு, பாதுகாப்பான வேலி, கைகழுவக் குழாய் ஆகியவை இருந்தால் பாடசாலை ஆயத்தம். கூட்டுறவுச் சங்கங்கள் கல்விக்கு உதவுவது புதிய வழக்கமன்று. 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவே, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை, ரிஜிஸ்திராரின் அனுமதி பெற்றுத் தர்மகாரியத்துக்கு அளிக்கலாமென்று இடந்தந்தது. தர்மகாரியம் என்பதில் கல்வியும் அடங்கும். இன்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறும் சங்கங்களின் அங்கத்தினர், தத்தம் சங்கத்தின் விதிகள் இதற்கு எவ்வளவு இடந்தருகின்றன என்பதை மகாசபைக் கூட்டத்தில் கேட்டறிந்து, தீர்மானம் கொண்டுவரலாம். உரத்துக்கும் விதைக்கும் கடன் கேட்கும் அக்கூட்டத்தில், ஊர்க் குழந்தைகளுக்காக ஒரு வண்டி மணல் கேட்பதும் தகும்.

பணம் தர இயலாதோர் நேரம் தரலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் முறைவைத்து வாரம் ஒருநாள் கோலம் கற்பிக்கலாம். கூத்துக் கலைஞர் ஒரு மாலை ஆடிக்காட்டலாம். ஊரில் குயவர் இருப்பின் மண் பிசையும் பக்குவத்தைக் காட்டலாம். பாட்டிமார்கள் தமக்குத் தெரிந்த விளையாட்டுப் பாட்டுக்களைச் சொல்லலாம்; அவை அவர்களோடு மறைந்துபோகும் முன்னர்ச் சொல்லவேண்டும்.

9. முடிவுரை

எழுத்து எப்போது வரும் என்று கேட்ட தந்தைக்கு உரிய விடை இதுவே: முதுகு நிமிர்ந்து, தோள் உறுதிப்பட்டு, விரல் நுனி மணிலாக்காயை உடைக்கும் பலம் பெற்று, கை வட்டமும் குறுக்குக் கோடும் போடத் தேர்ந்து, காது சொல்லைப் பிரித்துக் கேட்கப் பழகியபின், எழுத்து அடியின்றி வரும். அதுவரை அவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாலையில் களத்திலிருந்து வந்தபின், ஒரு பிடி மணிலாக்காயைத் திண்ணையில் கொட்டி, பையனை அருகே அமர்த்தி, இருவருமாக உரிக்கவேண்டும். உரித்த தோலை எண்ணச் சொல்லவேண்டும். வேனுக்குக் கட்டும் பணத்தைவிட அந்த அரைமணி நேரம் அவனுக்கு அதிகம் கற்பிக்கும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மூன்று வயதுக் குழந்தையை எழுத வற்புறுத்தலாகாது என்பதற்கு உடலைப் பற்றிய காரணங்கள் யாவை?

2. மணலில் எழுதுவதால் காகிதத்தில் இல்லாத என்ன நன்மை உண்டு?

3. நூறு வரை ஒப்பிப்பதற்கும் ஐந்து கொட்டைகளை எண்ணித் தருவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

4. உங்கள் ஊரில் கிடைக்கும் எப்பொருள்களைப் பாலர் கல்விக்குப் பயன்படுத்தலாம்? அவற்றுள் ஆபத்தானவை எவை?

5. உங்கள் சங்கத்தின் அடுத்த மகாசபையில் அங்கன்வாடிக்காக என்ன தீர்மானம் கொண்டுவரலாம்?